முன்னும் பின்னும் இல்லாத கலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பேசிவரும் அவை இது. இங்கே படகு கட்டும் முறையைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால், இவனை மேடையேற்றியவர் யார் என்னும் வினா எழுவது இயல்பே. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கடல் காண வேண்டுமானால் ஒரு பகற்பொழுது பயணம் செய்ய வேண்டும். படகு என்றால் நம் பிள்ளைகளுக்கு ஏற்காட்டு ஏரியின் படகுக் குழாம்தான் நினைவுக்கு வரும். ஆயினும் வாழ்க்கையைப் படகென்று எழுதாத கவிஞர் நம்முள் எவருமிலர். நம் வட்டத்துக் கவிதைகளைப் புரட்டிப் பாருங்கள். நங்கூரம் இருக்கும், பாய்மரம் இருக்கும், கலங்கரை விளக்கம் இருக்கும், புயலில் சிக்கிய மாலுமி இருப்பான். காவிரிக் கரையில் பிறந்தவன் எழுதிய கவிதையில் பரிசல் மட்டும் இராது. இந்தக் குறை பற்றியே இன்று பேச எண்ணினேன்.

முதலில் படகின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரில் மிதப்பன இரு வகைப்படும். தான் ஆக்கப்பட்ட பொருள் நீரினும் இலேசானது என்பதனாலேயே மிதப்பது ஒரு வகை. புணை, தெப்பம், கட்டுமரம் ஆகியவை இவ்வகையின. கட்டுமரத்தின் இடுக்குகளில் நீர் புகுந்து வெளியேறும். அதனால் அதற்குக் கேடில்லை, மரம் இருக்கும்வரை மிதக்கும். இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் கடன்கொண்டு, தம் நாவுக்கேற்ப மாற்றி, இன்று இரட்டையுடற் கப்பல்களுக்கெல்லாம் பெயராக்கி வைத்திருக்கின்றனர். மற்றொரு வகை, உள்ளே வெற்றிடம் வைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தால் மிதப்பது. ஓட்டை விழுந்தால் மூழ்கும். ஓடம், வள்ளம், நாவாய், இரும்புக் கப்பல் யாவும் இவ்வினமே. தான் விலக்கும் நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு எடையை ஒரு கலம் தாங்கும் என்னும் ஆர்க்கிமிடிசின் விதியைப் பள்ளியில் படித்திருக்கிறோம்.

அந்த வெற்றிடத்தை உண்டாக்க மனிதன் கண்ட வழிகள் மூன்று. அடிமரத்தைக் குடைவது ஒன்று. தோண்டியதனால் தோணி எனப் பெயர் வந்தது என்பர். பலகைகளை இணைப்பது இரண்டாவது. இதிலும் இரு முறைகள் உண்டு. ஏராக்கட்டையை நீளக் கிடத்தி, அதன்மேல் விலாவெலும்புபோல் வங்குகளை நிறுத்தி, பின்னர்ப் பலகை அறைவது ஒரு முறை. பலகைகளையே முதலில் ஒன்றோடொன்று பொருத்தி ஓட்டை உருவாக்கிவிட்டு, உள்ளே வங்கு கொடுப்பது மற்றொன்று. சோழமண்டலக் கரையின் மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். சென்னையில் துறைமுகம் அமையும்வரை, கப்பலில் வந்தோரையும் சரக்கையும் கரை சேர்த்தவை அவைதாம். ஆணியடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். இத்தகைய கலங்களுக்கெல்லாம் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் பெயரிட்டனர் நம் கடலோரத்தார். கப்பல் கட்டும் கலைக்கெனத் தமிழில் ஒரு சாத்திரமே உண்டு. ‘கப்பல் சாத்திரம்’ என்னும் அச்சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் அச்சிட்டு வெளியிட்டது.

மூன்றாவது வழி முடைவது. கூடை முடைவதுபோலக் கலத்தையும் முடைந்து, மேலே தோல் போர்த்துவது. நம்முடைய வழி இதுவே.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறாதவர் இந்த அவையில் மிகச் சிலரே இருப்பர். 1965-இல் தருமபுரி தனி மாவட்டம் ஆகும்வரை ஒகேனக்கல் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். ஏறியிருக்கிறோம், சுற்றியிருக்கிறோம், மீன் வறுவல் தின்று திரும்பியிருக்கிறோம். உட்கார்ந்த கலத்தின் அடியைத் தடவிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஒரு பரிசலின் விளிம்பு விட்டம் ஏறத்தாழ 7 முதல் 8 அடி வரை இருக்கும். முற்றிய மூங்கிலை வெட்டிப் பிளாச்சுகளாகப் பிளக்கிறார்கள். மூங்கிலின் வலிமை அதன் மேற்பட்டையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. நார் அங்கேதான் நெருங்கி நிற்கும், உட்புறம் செல்லச் செல்லத் தளரும். ஆகவே உட்சதையைச் சீவிக் கழித்துவிட்டு வெளிப்பட்டையை வைத்துக்கொள்கின்றனர். சமதரையில் நெடுக்கும் குறுக்குமாகப் பிளாச்சுகளைப் பரப்பி முடைகின்றனர். நெடுக்கும் குறுக்கும் மட்டும் போட்டால், பழைய கயிற்றுக் கட்டிலைப்போல் அந்தப் பின்னல் ஒருபக்கமாகச் சாய்ந்துகொடுக்கும். மூலைவாட்டில் மேலும் சில பிளாச்சுகள் ஊடுருவிச் சென்றால் சாய்வு நிற்கும். அடி மையத்தில் எடை மிகுதியாக விழும் என்பதால் அங்கே பிளாச்சுகள் நெருங்கும். பிறகு நடுவே கல்லேற்றி அழுத்திவைத்து, வெளியே நீண்டிருக்கும் நுனிகளை மேல்நோக்கி வளைத்துச் சுவராக்குகின்றனர். சுவரைச் சுற்றிலும் மெல்லிய பட்டைகளை ஓட்டிப் பின்னி, விளிம்பில் அவற்றைக் கற்றையாக முறுக்கிக் கட்டி முடிக்கின்றனர். மூங்கில் நிமிரப் பார்க்கும், விளிம்பு அதனை நிமிரவிடாது. இந்த இழுபறியில்தான் பரிசல் விறைப்பாக நிற்கிறது. பொருள் யாவும் கைவசம் இருந்து, கைப்பழக்கமும் இருந்தால் ஒரு நாளில் ஒரு பரிசல் முடிந்துவிடும். ஆணி இல்லை, இரும்பு இல்லை, அளவுகோலும் பெரும்பாலும் கையும் முழமுமே.

அடுத்து மேற்போர்வை. முன்னாளில் மாட்டுத்தோல். பல தோல்களை ஒன்றாகத் தைத்து, கூடையின் வெளிப்புறம் இழுத்துப் போர்த்தி, விளிம்பில் கட்டினார்கள். தோல் நீரில் ஊறிக்கொண்டே இருந்தால் அழுகும். ஆகவே கரை சேர்ந்தவுடன் பரிசலைத் தூக்கிக் கவிழ்த்து வெயிலில் காயவைப்பது ஓட்டுபவரின் முதல் கடமையாயிருந்தது. இன்று தோலின் இடத்தில் பிளாஸ்டிக் தாளும் சாக்கும் வந்துவிட்டன. அவற்றின்மேல் தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். தோலைவிட இது மலிவு, அழுகாது, கிழிந்தால் அங்கேயே ஒட்டுப்போடலாம். வெயிலில் இளகி வேட்டியில் ஒட்டும் என்பது ஒன்றுதான் குறை. தோற்பரிசல் மறைந்ததற்காக வருந்தும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தோல் பதனிட்டவரைத் தள்ளி நிறுத்திய ஊர்களும், ஆறு கடக்கையில் அவர் கைபட்ட தோலின்மேல்தான் உட்கார்ந்து சென்றன. மறுகரை சேர்ந்த பிறகு அதை எவரும் பாடவில்லை.

ஏன் வட்டம்? இந்த வினாவுக்கு விடை ஒகேனக்கல்லின் பாறைகளில் இருக்கிறது. கூர்மூக்குப் படகு ஒன்று பாறையில் மோதினால் அந்த மோதலின் வேகம் முழுவதையும் அதன் அணியம் வாங்கிக்கொண்டு பிளக்கும். வட்டப் பரிசல் மோதினால் சுழன்று நழுவும். அதற்கு ஏராக்கட்டை இல்லை. எனவே முழங்காலளவு நீரிலும் தரைதட்டாமல் போகும். கீழே கல் உரசினாலும் மூங்கில் நெளியும், உடையாது. எவ்வளவு நீர் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். அடிப்பகுதியின் விட்டம் 2 மீட்டர் என்று கொண்டால் பரப்பு 3.14 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 31 லிட்டர் நீரை விலக்கும், அதாவது 31 கிலோ எடையைத் தாங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் பரிசல் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, முக்கால் அங்குலம் இறங்கும். பரிசலின் எடையை 50 கிலோ என்று வைத்து, ஓட்டுபவரோடு எட்டுப் பேர் ஏறினால் 17 சென்டிமீட்டர்; ஏழு அங்குலம்கூட இல்லை. அடி முற்றும் தட்டையன்று, ஓரம் வளைந்தது. ஆகவே உண்மையில் சற்றுக் கூடும். அப்படியும் ஒரு சாண் அளவு நீர்தான்.

இதே கணக்கு எச்சரிக்கையும் ஆகிறது. ‘இன்னும் ஒருவர்தானே’ என்று ஏற்றும் ஒவ்வொருவரும் விளிம்பை நீருக்கு முக்கால் அங்குலம் அருகே கொண்டுவருகிறார். எல்லோரும் விளிம்பை ஒட்டி வட்டமாக, முகம் நடுவை நோக்க, தாழ உட்கார வேண்டும் என்று பரிசல் ஓட்டிகள் சொல்வது வெறும் பழக்கத்தால் அன்று. எடை தாழ்ந்தும் சமமாகப் பரவியும் இருக்கும்வரை பரிசல் கவிழ்வது அரிது. படமெடுக்க ஒருவர் எழுந்து நின்று, அதைப் பார்க்க மற்றவர் ஒரே பக்கம் சாய்ந்தால், அதே பரிசல் கணத்தில் தலைகீழாகும். நீர்வரத்து மிகுந்தால் மாவட்ட நிருவாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கிறது; உயிர்காப்பு உடை கட்டாயம் என்கிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் வெள்ளத்தில் தடை, வறட்சியில் நீரின்மை என்று ஆண்டில் பல நாள் அந்தக் குடும்பங்களின் அடுப்பு ஆற்றையே பார்த்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும்.

ஓட்டும் முறையும் தனி. மற்றப் படகுகளில் துடுப்புப் போடுபவர் நீரைப் பின்னுக்குத் தள்ளிப் படகை முன்னே செலுத்துகிறார். பரிசலின் பின்பக்கம் இருந்து தள்ளினால் அது அந்த இடத்திலேயே பம்பரமாகும். எனவே ஓட்டுபவர் போகும் திசையை நோக்கி விளிம்பருகே அமர்ந்து, துடுப்பை முன்னே வீசி, நீரைத் தம்பக்கம் இழுக்கிறார். வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை. பரிசலை அவர் தள்ளுவதில்லை, இழுத்துச் செல்கிறார். எதிரோட்டத்தில் அதுவும் நடவாது. கீழ்த்துறையில் ஆட்களை இறக்கிவிட்டு, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே மேல்துறைக்கு நடக்கிறார். நாம் சீட்டு வாங்குவது கீழ்நோக்கிய பயணத்துக்கு. மேல்நோக்கிய பயணம் அவர் கழுத்தின்மேல் நடக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் தோன்றிய சூழ்ச்சி அன்று. 1520-ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடைபோன்ற வட்டப் படகுகளைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம், வேண்டுமானால் குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றலாம். நேரே போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகின்றன என்பது அவர் குறிப்பு. கன்னடத்தில் இதை ஹரிகோலு என்றும் தெலுங்கில் புட்டி என்றும் வழங்குகின்றனர். அவருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்னரே கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, யூப்ரடீசு ஆற்றில் பாபிலோனுக்கு வந்த தோற்படகுகளை வியந்து எழுதினார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையும் ஏறி வரும். சரக்கு விற்றபின் படகின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்களாம். எதிரோட்டம் அவர்களையும் நடக்கவைத்திருக்கிறது! ஈராக்கில் இருபதாம் நூற்றாண்டிலும் ‘குஃபா’ என்னும் வட்டப் படகு, நிலத்தடித் தார் பூசப்பெற்று ஓடியது. தார் பூசுவது நமக்குப் புதிது, அவர்களுக்குப் பழைது. பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கல் 2014-இல் வெளியிட்ட நூலில், சுமார் 3,700 ஆண்டு பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றைப் படித்துக்காட்டினார். ஊழிவெள்ளத்தில் உயிர்களைக் காத்த பேழையை அந்தப் பலகை வட்டமாகக் கட்டச் சொல்கிறது. கயிற்றைச் சுருட்டிக் கூடையாக்கித் தார் பூசச் சொல்கிறது. அதாவது, மாபெரும் பரிசல். அதன் சிறிய படி ஒன்றைக் கட்டிப்பார்க்க முனைந்தோர் தேர்ந்தெடுத்த இடம் நம் அண்டையிலுள்ள கேரளம் என்பது இன்னொரு சுவை.

உலகைச் சுற்றிவிட்டு மீண்டும் நம் ஆற்றுக்கு வருவோம். பரிசலின் கதையை ஒகேனக்கல்லோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஒகேனக்கல்லிலிருந்து மோகனூர் வரும்வரை காவிரி ஒரே ஆறாக இருப்பதில்லை. கலமும் ஒன்றாக இருப்பதில்லை.

பாறைவெளி முடிந்தவுடன் மேட்டூர் நீர்த்தேக்கம் தொடங்குகிறது. 1925-இல் தொடங்கிய அணைப்பணி 1934-இல் நிறைவுற்றது. 120 அடி உயரத்துக்கு நீர் நிறைந்தால் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்தப் பரப்பின் அடியில் ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டுகின்றன. பண்ணவாடித் துறையிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்கும், கோட்டையூர்த் துறையிலிருந்து ஒட்டனூருக்கும் மக்கள் நீர்வழியே கடந்து வந்திருக்கின்றனர். அணை வந்ததால் ஆற்றின் குறுக்களவு ஏரியின் குறுக்களவாகிவிட்டது. பாறைக்கென்று பிறந்த பரிசல் இந்த அகன்ற நீரில் வல்லமை இழக்கிறது. காற்று வீசினால் வட்டக் கலத்துக்குப் பிடிமானம் கிடையாது; காற்று போன போக்கில் போகும். எனவே ஆள் கடத்த விசைப்படகு வந்தது. ஆனால் மீன்பிடிப்பவர் பரிசலை விடவில்லை. ஓசையின்றி வலை விரிக்கலாம், வலையைச் சுற்றிலும் எந்தப் பக்கத்திலிருந்தும் இழுக்கலாம், நீர் இறங்க இறங்கக் கரை நகர்ந்துகொண்டே போனாலும் தலையில் தூக்கிப் பின்தொடரலாம். கண்ணாடியிழைப் பரிசல்களும் இன்று வந்துவிட்டன. பொருள் மாறியபோதும் வட்டம் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மூழ்கிய ஊரின் தெருக்களுக்கு மேலே பரிசலை நிறுத்தி வலை வீசுகிறார் ஒருவர். இதைவிடப் பெரிய படிமத்தைத் தேடி நாம் எந்தக் கடலுக்குப் போக வேண்டும்?

அணைக்குக் கீழே பூலாம்பட்டி. சேலம் மாவட்டக் கரையில் பூலாம்பட்டி, ஈரோடு மாவட்டக் கரையில் நெரிஞ்சிப்பேட்டை. மின்னாக்கத்துக்காக எழுப்பிய கதவணை ஆற்றை நிறுத்திவைத்ததால் அங்கே நீர் குளம்போல் கிடக்கிறது. பயணிகளோடு இருசக்கர வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகின்றன. அந்த அழகைப் பார்த்து ‘குட்டி கேரளா’ என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். பெயரில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர் அழகாயிருந்தால் அது வேறோர் ஊராகிவிட வேண்டுமா? ஆனால் கலத்தின் இலக்கணத்தை அங்கே தெளிவாகக் காணலாம். பாறை இல்லை, சுழல் இல்லை, நீர் ஆழமாக நிற்கிறது. உடனே படகுக்கு முன்னும் பின்னும் முளைத்துவிட்டன. ஆறு எப்படியோ அப்படியே கலம்.

அதற்கும் கீழே குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரி மணலாக விரிகிறது. 1888-இல் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் மோகனூர். எதிர்க்கரையில் வாங்கல். கோடையில் மணலில் நடந்து கடப்பதும், நீர் வந்தால் பரிசலுக்குக் காத்திருப்பதுமாகத் தலைமுறைகள் கழிந்த துறை அது. இன்று இரு ஊரையும் பாலம் இணைக்கிறது. பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பரிசலில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்த காலத்தை எண்ணினால் பாலத்தை எதிர்த்து எவரும் பேசமாட்டார், நானும் பேசேன். ஆனால் பாலம் வந்த துறையில் ஐந்தாறு ஆண்டுக்குள் பரிசல் முடைவோர் இல்லாமற் போகிறார்கள். முடைவோர் போனால் சொற்களும் போகின்றன. பரிசல் என்னும் சொல்லுக்கு அகராதி ஒரு வரியில் பொருள் சொல்லிவிடும். நடுப்பின்னலுக்கு ஒரு பெயர், சுவர் வளையும் இடத்துக்கு ஒரு பெயர், விளிம்புக் கற்றைக்கு ஒரு பெயர், தார் பூசும் பதத்துக்கு ஒரு பெயர் என்று துறைக்குத் துறை வழங்குபவற்றுக்கு அந்த ஒரு வரியில் இடமில்லை.

நம் பழையோர் இவ்வளவு பாராமுகமாய் இருந்ததில்லை. புணை, அம்பி, பஃறி, திமில், வங்கம், நாவாய் என்று கலத்துக்குக் கலம் பெயர் வேறுபடுத்திப் பாடினர். உப்பு விற்று நெல்லேற்றி வந்த பஃறிகள் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடந்ததைப் பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். கணியன் பூங்குன்றனாரும், மலையிலிருந்து இறங்கிக் கல்லில் மோதி இரையும் பேராற்றையும், அதன் போக்கில் செல்லும் புணையையும்தான் உவமையாக்கினார், கடலை அன்று. அவர் எந்த ஆற்றை நினைத்துப் பாடினார் என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டா. கல்லும் ஆறும் புணையும் நம் கண்முன்னே இருக்கின்றன என்பதே போதும்.

நம்மிடையே பரிசிலுக்கும் பரிசலுக்கும் ஓர் எழுத்துதான் வேற்றுமை. புலவர் பெற்ற கொடையைப் பற்றிப் பத்தாண்டில் எத்தனையோ கட்டுரைகள் வாசித்துவிட்டோம். பதினோராம் ஆண்டில் ஒரு திங்கள் கூட்டத்தையாவது பண்ணவாடித் துறையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்று செயற்குழுவை வேண்டுகிறேன். அன்று நாம் பேச வேண்டா. பரிசல் முடையும் முதியவர் ஒருவருக்கு ஒரு நாட்கூலியை முறையாகக் கொடுத்து, மூங்கில் பிளப்பதிலிருந்து தார் பூசுவதுவரை அவர் செய்யச் செய்ய, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதிக்கொள்வோம். முடிந்த பரிசல் அவருக்கே. ஏட்டில் ஏறிய சொற்கள் நமக்கு. மீன்வலை காயும் கரை அது. உட்கார நிழல் தேட வேண்டியிருக்கும், தொப்பியும் குடிநீரும் கொண்டுவாருங்கள்.